மர்ஹெஷ்வான்: ஒரு யூத மாசப் பேரோட வேரைத் தேடிப் பிடிக்க முழுமையான வழிகாட்டி

யூத காலண்டர்ல திஷ்ரி மாசம் முடிஞ்சதும் அடுத்து வர்ற மாசத்தை இஸ்ரேல்ல இப்போ ஹெஷ்வான்னு தான் சொல்றாங்க. பேப்பர்லயும் மொபைல் காலண்டர்லயும் பெரும்பாலும் அதே பேரு தான் இருக்கும். ஆனா முழுப் பேரு மர்ஹெஷ்வான். அந்த "மர்" எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா அதிகமா கிடைக்கிற பதில் ஒண்ணு தான்: எபிரேயத்துல மர்னா கசப்பு, இந்த மாசத்துல ஒரு பண்டிகை கூட கிடையாது, அதனால கசப்பான ஹெஷ்வான்னு பேரு வந்துடுச்சு. கேக்க நல்லாத்தான் இருக்கு, மனசுலயும் சட்டுனு ஒட்டிக்கும், ஆனா பேரு அப்படி வரல. அதோட அர்த்தம் "எட்டாவது மாசம்", அவ்ளோதான்.

அதை எப்படி உறுதியா சொல்ல முடியுதுன்னு படிப்படியா காட்டத்தான் இதை எழுதறேன். வழி புரிஞ்சுடுச்சுன்னா சீவான், கிஸ்லேவ், தம்மூஸ்னு எந்த மாசத்தையும் நீங்களே எடுத்து அலசலாம். எபிரேயம் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல, ஒரு தமிழ் பைபிளும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

படி 1: சுருக்கின பேரை விட்டுட்டு முழுப் பேரைப் பிடிங்க

ஒரு பேரோட வேரைத் தேடும்போது இன்னைக்கு வாயில புழங்குற வடிவத்துலேர்ந்து ஆரம்பிச்சா வழி தப்பிடும், கிடைக்கிறதுலயே பழசான முழு வடிவம் எதுன்னு தான் முதல்ல பாக்கணும். ஹெஷ்வான்ங்கிறது பின்னாடி வந்த சுருக்கம். கி.பி. 200 வாக்குல தொகுத்த யூத வாய்மொழிச் சட்ட நூலான மிஷ்னால மழைக்கான பிரார்த்தனை எப்போ தொடங்கணும்னு பேசற இடத்துல மர்ஹெஷ்வான்னு முழுசா தான் இருக்கு. எபிரேய எழுத்துக்களும் ஆறு: மேம், ரேஷ், ஹேத், ஷின், வாவ், நூன். இந்த ஆறும் நமக்கு முக்கியம், அஞ்சாவது படியில ஒவ்வொண்ணா திரும்ப வரும்.

விவாகரத்துப் பத்திரம் மாதிரி தேதி கொஞ்சம் கூட பிசகக் கூடாத ஆவணங்கள்ல மர்ஹெஷ்வான்னு ஒரே சொல்லா எழுதறது தான் யூத சட்ட மரபு, "மர்" தனியா "ஹெஷ்வான்" தனியான்னு உடைக்கிறது இல்ல. யெமன் யூதர்களோட உச்சரிப்பு இன்னும் ஒரு படி மேல. அவங்க கிட்டத்தட்ட மெரஹ்ஷ்வான்னு சொல்றாங்க, அதுல மர்ங்கிற துண்டு தனியா காதுல விழவே விழாது, "மெரஹ்" ஒரு பக்கம் "ஷ்வான்" ஒரு பக்கமா நிக்கும். சொல் உண்மையிலேயே உடைய வேண்டிய இடம் அதுதான், ஏன்னு கொஞ்ச நேரத்துல தெரியும்.

படி 2: பைபிள்ல இந்த மாசத்துக்கு என்ன பேருன்னு பாருங்க

மர்ஹெஷ்வான்ங்கிற பேரை பைபிள் பூரா தேடினாலும் கிடைக்காது. கையில பைபிள் இருந்தா 1 இராஜாக்கள் 6:38 எடுத்துப் பாருங்க. சாலொமோன் கட்டின ஆலயம் பதினோராம் வருஷம் பூல் மாசத்துல கட்டி முடிஞ்சதுன்னு வரும், கூடவே அது எட்டாம் மாசம்னும் அங்கேயே சொல்லியிருக்கும். அதே அதிகாரத்துல முதல் வசனத்துல சீப் மாசம் வருது, எட்டாம் அதிகாரத்துல ஏத்தானீம் வருது, யாத்திராகமத்துல ஆபிப் வருது. பழைய கானான் மாசப் பேர்கள்ல பைபிள்ல மிஞ்சினது இந்த நாலு தான். மத்தபடி ஒண்ணாம் மாசம், ரெண்டாம் மாசம்னு வெறும் எண்ணிக்கை தான் பெரும்பாலும்.

பூல்ங்கிறது இஸ்ரவேலருக்கு மட்டும் சொந்தமான பேரு கிடையாதுன்னு கல்லுலயே ஆதாரம் இருக்கு. பினீசிய நகரமான சீதோனோட ராஜா எஷ்முனாசாரோட கல் சவப்பெட்டி 1855ல சீதோன் பக்கத்துல கிடைச்சுது, இப்போ பாரிஸ்ல லூவ்ர் மியூசியத்துல இருக்கு. அதுல பொறிச்சிருக்கிற பினீசிய எழுத்து ஆரம்பிக்கிறதே "பூல் மாசத்துல, ஆட்சியோட 14ஆம் வருஷத்துல"ன்னு தான். அதாவது எருசலேம்லயும் சீதோன்லயும் ஒரு காலத்துல ஒரே மாசப் பேரு புழக்கத்துல இருந்திருக்கு.

இன்னொண்ணையும் இங்க கவனிச்சு வெச்சுக்கோங்க. எபிரேய மூலத்துல அந்த வசனத்துல மாசத்துக்கு "யெரஹ்"ங்கிற சொல் இருக்கு. வழக்கமா மாசத்துக்கு வர்ற சொல் ஹோதேஷ். யெரஹ் பழைய சொல், நிலாவுக்கு இருக்கிற யாரேயஹ்ங்கிற சொல்லோட ஒட்டுறவு உள்ளது.

படி 3: பேரு எப்போ மாறுச்சுன்னு காலத்தைக் குறிங்க

கி.மு. 586ல பாபிலோனியர் எருசலேமை அழிச்சு ஜனங்களை சிறைபிடிச்சுட்டுப் போனாங்க. அப்புறம் பாரசீக ராஜா கோரேஸ் காலத்துல ஒரு பகுதி ஜனங்க திரும்பி வந்தாங்க. திரும்பி வந்த காலத்தைப் பேசற புஸ்தகங்கள்ல தான் புது மாசப் பேர்கள் தலைகாட்டுது. எஸ்தர், நெகேமியா, எஸ்றா, சகரியா, இந்த நாலையும் சேத்துப் பாத்தா நிசான், சீவான், எலூல், கிஸ்லேவ், தேபேத், சேபாத், ஆதார்னு ஏழு பேரு கிடைக்கும். மீதி அஞ்சு மாசத்துக்கு பேரு வரல, நம்ம மர்ஹெஷ்வான் அந்த அஞ்சுல ஒண்ணு. தம்மூஸ்ங்கிற பேரு எசேக்கியேல் 8:14ல வருது, ஆனா அங்க அது மாசம் இல்ல, பெண்கள் உக்காந்து அழுதுட்டிருக்கிற ஒரு பாபிலோனிய தெய்வம்.

யூத மரபே இதை ஒளிச்சு மறைக்கல. மாசங்களோட பேர்கள் பாபிலோன்லேர்ந்து அவங்க கூடவே ஏறி வந்ததுன்னு ஜெருசலேம் தல்மூத் (மிஷ்னாவுக்கு விளக்கமா எழுந்த பெரிய யூத நூல்) நேராவே சொல்லுது. 13ஆம் நூற்றாண்டுல வாழ்ந்த யூத பைபிள் உரையாசிரியர் ரம்பான் இதுக்கு சொன்ன விளக்கம் எனக்கு ரொம்பப் பிடிச்சது: முன்னாடி மாசங்களை எண்ணிக்கையால கூப்பிட்டது எகிப்து விடுதலையை மறக்காம இருக்க, ஏன்னா எண்ணிக்கை ஆரம்பிக்கிறதே அந்த மாசத்துலேர்ந்து தான், பாபிலோன்லேர்ந்து திரும்பி வந்ததுக்கு அப்புறம் அங்கத்துப் பேர்களை வெச்சுக்கிட்டது அந்த ரெண்டாவது விடுதலையை மறக்காம இருக்கங்கிறார். அந்நிய நாட்டுப் பேரை ஒட்டிக்கிட்ட அழுக்கா பாக்காம நினைவுச் சின்னமா பாத்திருக்கார் பாருங்க.

மர்ஹெஷ்வானுக்கு பைபிளுக்கு வெளில பழைய சான்று இருக்கா? இருக்கு, அதுவும் எகிப்துல. நைல் நதில அஸ்வான் பக்கத்துல எலிஃபண்டைன் தீவு, அங்க பாரசீக ஆட்சிக்கு கீழ ஒரு யூத படைக் குடியிருப்பு இருந்துச்சு, அவங்களுக்கு சொந்தமா ஒரு கோயிலும் இருந்துச்சு. அந்தக் கோயிலை இடிச்சுட்டாங்க, திரும்பக் கட்ட உதவி பண்ணுங்கன்னு யூதேயா கவர்னர் பகோஹிக்கு அவங்க அராமிய மொழியில எழுதின மனு பப்பிரஸ்ல அப்படியே கிடைச்சிருக்கு. அதோட தேதி பாரசீக ராஜா தரியுவோட 17ஆம் வருஷம் மர்ஹெஷ்வான் 20, அதாவது கி.மு. 407. இடிச்சது தம்மூஸ் மாசத்துலன்னும் அதுலயே எழுதியிருக்கு. அப்போ நம்மகிட்ட இருக்கிற பேரு கிட்டத்தட்ட 2400 வருஷத்துக்கு முன்னாடியே இதே ஆறு எழுத்தோட புழக்கத்துல இருந்திருக்கு.

படி 4: பாபிலோனிய பட்டியலை பக்கத்துல வைங்க

நிசானு, அய்யாரு, சிமானு, துஊசு, அபு, உலூலு, தஷ்ரீத்து, அரஹ்சம்னு, கிஸ்லிமு, தெபேத்து, ஷபாத்து, அத்தாரு. இதான் பாபிலோனிய மாசங்கள். பக்கத்துல யூத மாசங்களை எழுதுங்க: நிசான், இயார், சீவான், தம்மூஸ், ஆவ், எலூல், திஷ்ரி, மர்ஹெஷ்வான், கிஸ்லேவ், தேவேத், ஷேவாத், ஆதார். வரிசை துளி கூட மாறல. பெரும்பாலான பேர்கள் பாத்த உடனே அடையாளம் தெரியுது, கடைசில இருக்கிற உகரத்தை எடுத்துட்டா முக்கால்வாசி வேலை முடிஞ்சுது. எட்டாவது இடத்துல மட்டும் தான் ஒரு திணறல் வரும், அரஹ்சம்னு எங்க மர்ஹெஷ்வான் எங்கன்னு.

அரஹ்சம்னு, பாபிலோனியரோட அக்காடிய மொழில ரெண்டு சொல் சேந்தது. முதல் சொல் வர்ஹு, மாசம்னு அர்த்தம். அடுத்த சொல்லோட சேரும்போது அது வரஹ் ஆகும். ரெண்டாவது சொல் சம்னு, எட்டாவதுன்னு அர்த்தம். எபிரேயத்துல எட்டுக்கு ஷ்மோனே, எட்டாவதுக்கு ஷ்மினி, அரபில தமானியா, எல்லாம் ஒரே குடும்பத்துச் சொல் தான். பழைய வடிவம் வரஹ்சம்னு, பிற்காலத்துல சொல் முதல்ல வர்ற வகரம் பாபிலோன் பேச்சுல உதிர்ந்து போய் அரஹ்சம்னு ஆச்சு.

சுமேரியர் காலத்துலேர்ந்து வந்த எழுத்து முறையில இதே மாசத்தை ஏரைக் குறிக்கிற அபின்ங்கிற குறியை வெச்சு எழுதினாங்க. ஏரை அவுத்து விடற மாசம்னு அந்த சுமேரியப் பேருக்கு பொதுவா பொருள் சொல்றாங்க. எழுதறது ஏர், வாசிக்கிறது எட்டாவது மாசம்!

படி 5: ஒலி மாற்றத்தை எழுத்து எழுத்தா சரி பாருங்க

இந்தப் படி தான் மொத்த வழிகாட்டிக்கும் உயிர், இங்க அவசரப்படாதீங்க.

பாபிலோன்ல கி.மு. முதல் ஆயிரத்துல உயிரெழுத்துக்களுக்கு நடுவுல வர்ற மகரம் வாயில வகரம் மாதிரி தளர்ந்து ஒலிச்சுது. களிமண் பலகைல எழுதறவங்க பழைய வழக்கப்படி மகரமாவே எழுதிட்டிருந்தாங்க, ஆனா காதால கேட்டு எடுத்துக்கிட்ட யூதர்களும் அராமியரும் கேட்ட மாதிரி எழுதினாங்க. நாலாம் படியில எழுதின பட்டியலை திரும்பப் பாருங்க: சிமானு சீவான் ஆகியிருக்கு, கிஸ்லிமு கிஸ்லேவ் ஆகியிருக்கு. ரெண்டுலயும் மகரம் போய் வகரம் வந்திருக்கு. ஒரு இடத்துல நடந்தா தற்செயல்னு தள்ளிடலாம், ஒரே பட்டியல்ல திரும்பத் திரும்ப நடந்தா அது விதி.

மாசப் பேர் இல்லாத ஒரு உதாரணம் தமிழ் பைபிள்லயே இருக்கு. 2 இராஜாக்கள் 25:27ல ஏவில்மெரொதாக்னு ஒரு பாபிலோன் ராஜா வருவார், யூதா ராஜா யோயாக்கீனை சிறைலேர்ந்து விடுவிச்சவர். பாபிலோனிய எழுத்துல அவர் பேரு அமேல் மர்துக், மர்துக் தெய்வத்தோட ஆள்னு அர்த்தம். அமேல்னு எழுதினது ஏவில்னு காதுல விழுந்திருக்கு, அதே ம–வ மாற்றம்.

இப்போ நம்ம சொல்லுக்கு வாங்க. வரஹ் சம்னுல ரெண்டு இடத்துல இந்த மாற்றம் எதிரெதிர் திசைல நடந்திருக்கு. முன்னாடி இருந்த வகரம் மகரமா எழுதப்பட்டு "மரஹ்" ஆச்சு, சம்னுல இருந்த மகரம் வகரமாகி "ஷ்வான்" ஆச்சு. சகரத்துக்கு எபிரேய-அராமிய வடிவத்துல ஷின் நிக்குது, ஷ்மோனேல இருக்கிற அதே ஷின். மேம், ரேஷ், ஹேத் மூணும் மாசம், ஷின், வாவ், நூன் மூணும் எட்டு, ஆறு எழுத்தும் தீந்துச்சு, ஒண்ணு கூட மிச்சம் இல்ல. யெமன்காரங்க மெரஹ்–ஷ்வான்னு சொல்றதுல சொல்லோட மூட்டு சரியான இடத்துல இருக்குன்னு சொன்னேன்ல, காரணம் இதான். மர்னு வெட்டிட்டு ஹெஷ்வான்னு வெச்சுக்கிட்டா மாசம்ங்கிற சொல்லோட கடைசி எழுத்து எட்டோட தலையில போய் ஒட்டிக்குது.

ரெண்டாம் படியில கவனிக்கச் சொன்ன யெரஹ் ஞாபகம் இருக்கா? அக்காடியத்துல சொல் முதல்ல வகரம் இருந்தா எபிரேயத்துல அங்க யகரம் வர்றது வழக்கம், அப்படிப் பாத்தா வர்ஹுவும் யெரஹும் ஒரே சொல். அப்போ இராஜாக்கள் புஸ்தகத்துல எட்டாம் மாசம்னு விளக்கம் போட்டு எழுதினதும், பாபிலோன்லேர்ந்து வந்த மர்ஹெஷ்வான்ங்கிற பேரும் சொல்றது ஒரே விஷயத்தைத் தான்.

படி 6: எட்டுன்னு ஏன், ரெண்டாவது மாசமாச்சே?

யூதப் புது வருஷமான ரோஷ் ஹஷானா திஷ்ரி 1ல வருது, அப்படி எண்ணினா மர்ஹெஷ்வான் ரெண்டாவது மாசம். ஆனா யாத்திராகமம் 12:2 படி எகிப்தை விட்டு வெளியேறின வசந்த கால மாசம் தான் மாசங்களுக்குத் தலை, அது நிசான். பாபிலோனியரும் நிசானுலேர்ந்து தான் எண்ணினாங்க. நிசான்லேர்ந்து விரல் விட்டு எண்ணினா எட்டாவதா மர்ஹெஷ்வான் வந்து நிக்கும். இதுல குழப்பம் என்னன்னா முந்தின மாசம் தஷ்ரீத்துவோட அர்த்தமே தொடக்கம். தொடக்கம்னு ஒரு மாசம், அதுக்கு அடுத்து எட்டாவதுன்னு ஒரு மாசம்! பாபிலோன்ல வருஷத்தோட ரெண்டாம் பாதி அந்த ஏழாம் மாசத்துல தொடங்குச்சு, அந்த இரட்டைக் கணக்கு தான் ரெண்டு பேர்லயும் உறைஞ்சு போய் நிக்குது. இதே மாதிரி அக்டோபர்ங்கிற பேருலயும் லத்தீன் எட்டு இருக்கு, ரோமர் ஒரு காலத்துல மார்ச்லேர்ந்து எண்ணினதால. மர்ஹெஷ்வான் பெரும்பாலும் அக்டோபர்–நவம்பர்ல தான் விழும்ங்கிறதால எட்டுன்னு பேர் வெச்ச ரெண்டு மாசம் சில வாரம் ஒண்ணா ஓடுது.

படி 7: மக்கள் சொல்ற விளக்கங்களையும் தனியா எழுதி வைங்க

வேர் கிடைச்சுடுச்சுன்னு மத்ததைத் தூக்கிப் போட்டுடாதீங்க. கசப்புங்கிற விளக்கம் வேருக்கு உதவாது, ஆனா அந்த மாசத்தை ஜனங்க எப்படி வாழ்ந்தாங்கன்னு சொல்லும். திஷ்ரில ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், ஒரு வாரம் சுக்கோத்னு பண்டிகைகள் அடுக்கடுக்கா வந்துட்டு திடீர்னு ஒண்ணுமே இல்லாத மாசம். இஸ்ரேல்ல எதைக் கேட்டாலும் "அஹரேய் ஹஹகீம்", பண்டிகைக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடுவாங்க, அப்படித் தள்ளிப் போட்டது எல்லாம் வந்து விழறது இந்த மாசத்து தலைல தான்.

இன்னொரு விளக்கம் மர்னா துளிங்கிறது. ஏசாயா 40:15ல ஜாதிகள் வாளியிலேர்ந்து சொட்டற துளி மாதிரின்னு வரும், அங்க துளிக்கு இருக்கிற எபிரேயச் சொல் மர் தான். மழை தொடங்கற மாசத்துக்கு துளின்னு பேரு பொருந்துது பாருங்க, வேர் இல்லாட்டியும் அழகு. பழைய பூல்ங்கிற பேருக்கும் தல்மூத் விளக்கம் தருது, இலை வாடி உதிர்றதையும் வீட்டுல மாட்டுக்குத் தீவனம் கலக்கிறதையும் அந்த ஒலியோட சேத்து.

சாலொமோன் ஆலயம் இந்த மாசத்துல முடிஞ்சாலும் பிரதிஷ்டை ஏத்தானீம்ல, அதாவது திஷ்ரில நடந்துச்சு. அதனால இந்த மாசத்துக்கு ஒரு கடன் பாக்கி இருக்கு, கடவுள் ஒரு நாள் அதைத் திருப்பித் தருவார்னு ஒரு மித்ராஷ், அதாவது பைபிளை விளக்கற பழைய யூதக் கதை, உண்டு.

படி 8: அந்த மாசத்துல என்ன நடக்குதுன்னு பாருங்க

மழை தான் முதல் விஷயம். மிஷ்னால ஒரு கருத்து மர்ஹெஷ்வான் 3ல மழை கேக்கத் தொடங்கணும்னு, யூத சட்ட அறிஞர் ரப்பான் கம்லியேல் 7ஆம் தேதிங்கிறார். அவர் சொல்ற காரணம் நெஞ்சைத் தொடும்: சுக்கோத் பண்டிகை முடிஞ்சு 15 நாள் ஆகணும், எருசலேமுக்கு யாத்திரை வந்தவங்கள்ல கடைசி ஆள் ஐப்பிராத்து நதி போய் சேர்ற வரைக்கும். அவன் நடந்து போற வழில நனைஞ்சு அவதிப்படக் கூடாதுன்னு ஊரே தன் வயலுக்கு வேண்டிய மழையைக் கேக்காம காத்திருக்கு. இன்னைக்கும் இஸ்ரேல்ல அந்த 7ஆம் தேதி தான், அதுக்கு முந்தின சாயங்காலத் தொழுகையிலேர்ந்து மழை கேக்கிறாங்க. 17ஆம் தேதி வரைக்கும் மழை வரலன்னா முதல்ல தனியாட்கள் சிலர் உபவாசம் தொடங்குவாங்கன்னும் மிஷ்னா சொல்லுது. நோவா காலத்து வெள்ளம் தொடங்கினது ரெண்டாம் மாசம் 17ன்னு ஆதியாகமம் 7:11ல இருக்கு, அது மர்ஹெஷ்வானா இயாரான்னு ரபி எலியேசருக்கும் ரபி யெஹோஷுவாவுக்கும் வாதம் உண்டு, எலியேசர் பக்கம் மர்ஹெஷ்வான்.

பண்டிகையே இல்லாத மாசம்னு சொல்றதும் இப்போ முழுசா சரியில்ல. எத்தியோப்பிய யூதர்களோட சிக்த் பண்டிகை யோம் கிப்பூரையும் சேத்து எண்ணினா 50ஆம் நாள், ஹெஷ்வான் 29ல வருது, 2008ல இஸ்ரேல் பாராளுமன்றம் அதை நாட்டோட பண்டிகையா சட்டம் போட்டு ஏத்துக்கிச்சு. பிரதமர் ராபின் 1995 நவம்பர் 4 ராத்திரி சுடப்பட்டு இறந்ததை நினைவு கூர்ற நாளும் இந்த மாசம் 12ஆம் தேதி.

படி 9: 29 நாளா 30 நாளா கண்டுபிடிங்க

இது சுலபம். வருஷத்து நீளத்தை சரி பண்றதுக்குன்னே நாள் கூட்டிக் குறைக்கிற மாசம் ரெண்டு தான், ஹெஷ்வானும் கிஸ்லேவும். ரோஷ் ஹஷானா ஞாயிறு, புதன், வெள்ளில விழக் கூடாதுன்னு விதி இருக்கிறதால இந்த சரிக்கட்டல் தேவைப்படுது. ஒரு ரோஷ் ஹஷானாலேர்ந்து அடுத்ததுக்கு எத்தனை நாள்னு எண்ணுங்க. 355 அல்லது 385 வந்தா ஹெஷ்வானுக்கு 30 நாள். 353, 354, 383, 384 வந்தா 29. உதாரணத்துக்கு யூதக் கணக்குப்படி 5785ஆம் வருஷம் 2024 அக்டோபர் 3ல தொடங்கி அடுத்தது 2025 செப்டம்பர் 23ல வந்துச்சு, 355 நாள், அதனால 30. 5786 தொடங்கி அடுத்தது 2026 செப்டம்பர் 12, 354 நாள், அதனால 29. அந்த வருஷம் ஹெஷ்வான் 1 விழுந்தது 2025 அக்டோபர் 23ல.

படி 10: பக்கத்து ஜனங்ககிட்டயும் அந்தப் பேரு இருக்கான்னு தேடுங்க

சிரியா, ஈராக் பக்கம் அரபில இன்னும் நீசான், தம்மூஸ், அய்லூல்னு தான் மாசம் சொல்றாங்க, துருக்கிலயும் நிசான், தெம்மூஸ், எய்லுல் இருக்கு. ஆனா எட்டாவது மாசத்துக்கு அரபில ரெண்டாம் திஷ்ரீன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க, அரஹ்சம்னு அங்க காணாமப் போச்சு. யூதர்களைத் தவிர அதைக் காப்பாத்தி வெச்சிருக்கிறவங்க ஈராக், ஈரான் பக்கத்து மாண்டேயர்கள், ஞானஸ்நானத்தை மையமா வெச்ச பழைய சின்ன மதக் குழு. அவங்க மாசப் பேரு மஷ்ருவான், எழுத்துக்கள் இடம் மாறியிருக்கு ஆனா சொல் அதே தான்.

இதே வழில அடுத்து கிஸ்லேவை எடுத்துப் பாருங்க, ம–வ மாற்றம் ஏற்கனவே தெரிஞ்சதால பாதி தூரம் தாண்டிட்டீங்க. அதுக்கப்புறம் தம்மூஸ். அங்க வேர் எண்ணிக்கைல இருக்காது, துமுசின்னு ஒரு சுமேரிய மேய்ப்பர் தெய்வத்துகிட்ட போய் நிக்கும், எசேக்கியேல் 8:14லேர்ந்து ஆரம்பிங்க.